தாய்மூக்கு

காலை ஒன்பதரைக்கு எங்கள் மையம் திறக்கும்போது வரிசையில் நிற்கிற எல்லார் கையிலும் ஒரு கைக்குட்டை இருக்கும். யாருக்கும் சளி இல்லை. இன்னும் அரை மணி நேரத்தில் அவர்களுடைய மூக்கு பழைய மூக்காகிவிடும். அதை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். நான் மட்டும் பார்த்தே ஆக வேண்டும். இருபத்தோரு வருடமாகக் கோயம்புத்தூரில் பாதிப் பேருடைய பழைய மூக்கைப் பார்த்தவள் நான். கல்யாண வீட்டில் என்னைக் கண்டதும் பந்தி மாறி உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் பெயர் தாட்சாயணி. தளர்வு அலுவலர், முதல் நிலை. சந்தேகப்படுவதற்கு எனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. வீட்டில் அதையே சும்மா செய்கிறாய் என்று என் கணவர் உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, முதல் ஆளை நாற்காலியில் உட்கார வைப்பதற்கு முன்னால் ஓசூரிலிருந்து என் மகன் அதியன் கூப்பிட்டான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

"அம்மா, பாப்பா தூங்கவே மாட்டேங்கறா. மேகலாவும் நானும் மாத்தி மாத்தித் தூக்கிட்டு நடக்கறோம். மூக்குக் கவசம் உறுத்துதோ என்னமோ."

"கவசத்துல கை வெக்காத."

"வெக்கலம்மா. நீ என்ன சொல்றேன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"நாப்பது நாள்ல பதினொண்ணு போயிருச்சு. மிச்சம் இருபத்தொம்பது. நீயும் இப்படித்தான் அழுத. நான் கழட்டுனனா?"

"இல்லம்மா," என்றான். வைத்துவிட்டான்.

அதியன் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அவனுக்குப் பத்து வயதில் ஊரெல்லாம் குரல் திருட்டு பரவியது. பெற்றவள் குரலிலேயே பேசிப் பிள்ளைகளைக் கதவு திறக்க வைத்தார்கள். அப்போது அவனுக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்தேன். போனில் நான் எனக்குப் பொருந்தாத ஒன்றைச் சொன்னால், அது நான் இல்லை. மறுபேச்சுப் பேசாமல் வைத்துவிட வேண்டும். இரண்டு முறை நானே சோதித்தும் பார்த்தேன். இரண்டு முறையும் வைத்துவிட்டான். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

என் அம்மா காலத்தில் மூக்கைத் திருத்துவது என்றால் கத்திதான். காது மடலிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பைச் சீவி எடுப்பார்கள். அதன் ஒரு பக்கத்தில் மெல்லக் கீறினால் அது மறுபக்கமாக வளையும். அந்தக் குணத்தை வைத்துத்தான் வேண்டிய வளைவைக் கொண்டுவந்து, தையல் போட்டு நிறுத்துவார்கள். விலாக் குருத்து இன்னும் பொல்லாதது. செதுக்கும்போது நேராக இருக்கும், பிறகு தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொள்ளும். அதனால் செதுக்கியதை அரை மணி நேரம் உப்புநீரில் போட்டுவைத்து, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்த பிறகே நல்ல மருத்துவர்கள் மூக்குக்குள் வைத்தார்கள். முடித்துவிட்டு வந்தவர்கள் இரண்டு வாரம் கட்டோடு திரிந்தார்கள்.

இப்போது மென்மின் வளைப்பு வந்துவிட்டது. கடைகளில் ஷேப்பிங் என்பார்கள். இரண்டு மெல்லிய ஊசி, தோல் உணராத அளவு மின்சாரம், குருத்தெலும்பு மெழுகாக இளகுகிறது. மேலே அச்சை வைத்து அழுத்திப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் புது மூக்கு. புருவம் திருத்தப் போகிறவர்கள் கையோடு மூக்கையும் திருத்திக்கொண்டு வருகிறார்கள். ஒரே தெருவில் ஒரே மூக்கு இருபது பேருக்கு இருக்கும். போன தீபாவளிக்கு எல்லாரும் நுனி தூக்கிய மூக்கு. இந்தப் பொங்கலுக்கு நீள மூக்கு.

இதில் என்ன தொல்லை என்றால், முகம்தான் சாவி. வீட்டுக் கதவு, பேருந்து, ரேஷன், வங்கி எல்லாம் முகத்திறவில் ஓடுகின்றன. கைரேகையைப் பிளாஸ்டிக் தாளில் அச்சடிக்கிறார்கள். கருவிழியை லென்சில் வரைகிறார்கள். மரபணுவைப் பார்த்துக் காப்பீட்டு நிறுவனங்கள் ஆட்களை ஒதுக்க ஆரம்பித்ததும், அடையாளத்துக்கு அதைத் தொடவே கூடாது என்று நீதிமன்றம் பூட்டிவிட்டது. மிஞ்சியது குருத்தெலும்பு. அதற்கு ஞாபகம் உண்டு. எப்படி வளைத்தாலும், தளர்வி நாற்காலியில் எதிர் மின்சாரம் கொடுத்தால், முதலில் இறுகிய வடிவத்துக்குத் திரும்பிவிடும். அந்த வடிவத்துக்குத்தான் தாய்மூக்கு என்று பெயர். பிறந்த மூன்றாம் நாள் அதைப் படமெடுத்துப் பதிவு செய்கிறார்கள். பெரியவரானால் அது எப்படி இருக்கும் என்பதைக் கணினி கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். ஷேப்பிங் செய்துகொண்டவர்கள் முப்பது நாளுக்குள் எங்களிடம் வந்து தளர்ந்து காட்ட வேண்டும். பொருந்தினால் புது முகமும் சாவியாகப் பதிவாகும், கடைக்குப் போய் மறுபடி வளைத்துக்கொள்ளலாம். ஐந்து விழுக்காடுவரை விலகலை மன்னிப்போம். அதற்கு மேல் போனால் உட்கார்ந்திருப்பது வேறு ஆள்.

பதினொன்றரைக்கு உள்ளே வந்த பெண்ணின் கையில் கைக்குட்டை இல்லை. அதுவே எனக்கு உறுத்தியது.

"கைக்குட்டை எங்க?"

"எதுக்குங்க?"

"மறைச்சுக்கத்தான்."

"என்ற சொந்த மூக்குதானுங்களே மேடம். அதுல மறைக்க என்ன இருக்குது?" என்று சிரித்தாள்.

கோப்பைப் பார்த்தேன். பனிமலர், வயது இருபத்தெட்டு, பம்பு கம்பெனியில் வரைபடப் பிரிவு. இதற்கு முன் ஒரு முறைகூட ஷேப்பிங் செய்துகொண்டதில்லை. அதனால் தளர்விக்கும் வந்ததில்லை. இருபத்தெட்டு வயதுவரை மூக்கைத் தொடாமல் வைத்திருக்கிறவர்கள் நூற்றில் இரண்டு பேர்கூட இல்லை. இது இரண்டாவது உறுத்தல்.

"இத்தனை வருஷம் இல்லாம இப்ப எதுக்கு?"

"அடுத்த மாசம் கல்யாணமுங்க. மாப்ள வீட்ல எல்லாருக்கும் ஒரே மூக்கு. போட்டோவுல நான் மட்டும் தனியாத் தெரிவேன்னு அவரு அக்கா கூட்டிட்டுப் போயிட்டாங்க."

பதில் பட்டென்று வந்தது. ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் பட்டென்றுதான் வரும். நாற்காலியில் சாய்த்து, விரல்நுனியில் இதயத்துடிப்பு மானியை மாட்டி, மூக்கின் இரு பக்கமும் தளர்வியைப் பொருத்தினேன். எங்கள் அறையில் கேமரா கிடையாது. தளர்ந்த மூக்கோடு தங்களைப் படமெடுக்கக் கூடாது என்று மக்கள் வழக்குப் போட்டு ஜெயித்திருக்கிறார்கள். கருவி வடிவத்தை அளக்கும், எண்ணைச் சொல்லும், அதோடு சரி. மற்றதெல்லாம் என் வார்த்தைதான்.

இருபது நிமிடத்தில் அவளுடைய நீள மூக்கு மெல்லத் தணிந்து, கொஞ்சம் அகலமான, சாதாரணமான ஒரு மூக்கானது. திரையில் எண் வந்தது. விலகல் 11.4. விளக்கு சிவந்தது. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

"என்னங்க ஆச்சு?"

"அசையாதீங்க. உங்க பேரு என்ன?"

"பனிமலருங்க."

"நெஜப் பேரு?"

அவள் என்னைப் பார்த்தாள். பயம் மெதுவாகத்தான் வந்தது. இந்தப் பயத்தையும் நான் நம்புவதில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒருவர் இதே நாற்காலியில் தேம்பித் தேம்பி அழுதார். அவரைப் பாவம் என்று நினைத்துத் தண்ணீர்கூடக் கொடுத்தேன். அவர் வேறொருவர் முகத்தை மாட்டிக்கொண்டு, அந்த வேறொருவரின் வீட்டிலேயே ஆறு மாதம் குடியிருந்தவர். அந்த வீட்டுக்காரரை ஒரு கிணற்றில் கண்டுபிடித்தோம்.

அன்று முதல் நாற்காலியில் அழுகிற யாருக்கும் நான் தண்ணீர் கொடுப்பதில்லை.

சட்டம் இப்படி இருந்தது. விலகல் ஐந்தைத் தாண்டிய நிமிடமே முகத்திறவு நிறுத்தப்படும். அவள் வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்காது, பேருந்து ஏற்றாது. மாலைக்குள் நான் காரணம் எழுதியாக வேண்டும். 'போலி' என்று எழுதினால் காவல்துறை வந்து கூட்டிக்கொண்டு போகும், நிஜப் பனிமலரின் உடலைத் தேட ஆரம்பிப்பார்கள். மரபணு பார்க்க முடியாது. உறவுக்காரர்களின் சாட்சி செல்லாது, உறவுக்காரர்களை விலைக்கு வாங்கலாம் என்பது நிரூபணமான விஷயம். கல்யாணப் பெண்ணோ கொலைகாரியோ, அவள் யார் என்பது என் ஒருத்தியின் பேனாவில் இருந்தது.

கள்ள மூக்குச் செய்கிறவர்கள் இன்றும் கத்தியைத்தான் நம்புகிறார்கள். மென்மின்சாரத்தால் வளைத்தது தளர்வியில் அவிழ்ந்துவிடும். கத்தியால் செதுக்கி வைத்தது அவிழாது. ஆகவே ஊடுபடம் எடுத்துக் கீறலைத் தேடினேன். கீறல் இல்லை. தையல் இல்லை. காதைத் தடவிப் பார்த்தேன், விலாவில் தழும்பு தேடினேன். ஒன்றும் இல்லை. கைதேர்ந்த ஆள் யாராவது விலாக் குருத்தைத் தழும்பே தெரியாமல் எடுத்திருக்கலாம் என்று, பழைய மருத்துவர்கள் உப்புநீரில் போட்டுக் காத்திருந்த மாதிரி, தளர்வியை நிறுத்தாமல் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். திருட்டுக் குருத்தாக இருந்தால் இந்நேரம் முறுக்கிக்கொள்ளும். இவளுடையது இம்மியும் நகரவில்லை. கத்தி படாத, பிறந்த குருத்தெலும்புதான். ஆனால் பிறந்தபோது பதிவான வடிவம் இல்லை.

கீறல் இல்லாமல் குருத்தெலும்பு எப்படி ஐயா வளையும்?

ஊடுபடத்தைப் பெரிதாக்கினேன். மூக்கின் இடப்பக்கத்தில், புருவ நடுவிலிருந்து நுனிவரை ஒரு நீளமான, மிக ஆழமற்ற பள்ளம் ஓடியது. உள்சுவர் அதற்கேற்ப வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கியிருந்தது. அழுத்தம் ஒரே சீராக இருந்தது. கத்திக்கோ கருவிக்கோ இவ்வளவு பொறுமை கிடையாது.

"மேடம், எங்கப்பா வெளிய உக்காந்திருக்காருங்க. அவரைக் கேளுங்க," என்றாள்.

"அப்பா சாட்சி செல்லாது."

"சாட்சிக்கு இல்லைங்க. நான் வர்ற நேரமாச்சு, பயந்துக்குவாரு."

கதவை என் முகத்தால் திறந்து வெளியே போனேன். கூட வருகிறவர்களுக்கான பெஞ்சில் ஒருவர் மட்டும் இருந்தார். அறுபத்தைந்து இருக்கும். மயில்சாமி, ஓய்வு பெற்ற லேத் ஆபரேட்டர் என்றது கோப்பு. என்னைக் கண்டதும் எழுந்து, "பொண்ணு தண்ணி கொண்டாரலீங்க, இதைக் குடுத்துருங்க," என்று பாட்டிலை நீட்டினார். நீட்டிய வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு, பாட்டிலை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றி மறுபடி நீட்டினார்.

"மன்னிச்சுக்கோங்க. எடது கைப் பழக்கமுங்க. எத்தனை வயசானாலும் போக மாட்டேங்குது."

பாட்டிலை நான் வாங்கவில்லை. அவருடைய இடது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழந்தையைக் கால்மேல் போட்டுக்கொண்டு ஒருவர் வலது கையால் அதன் மூக்கைப் பிடித்தால், கட்டைவிரல் குழந்தையின் வலப்பக்கத்தில் விழும். இடது கையால் பிடித்தால் இடப்பக்கத்தில் விழும்.

"உள்ள வாங்க," என்றேன்.

பிறந்த குழந்தையின் குருத்தெலும்பு முதல் நாற்பது நாள் பிசைந்த மாவுதான். நம் ஊரில் அந்த நாற்பது நாளும் குளிப்பாட்டும்போது எண்ணெய் தொட்டு மூக்கை நீவி விடுவார்கள், எடுப்பாக வரட்டும் என்று. பதிவேடு வந்ததும் அரசாங்கத்துக்கு அது பெரிய தலைவலியாகிப்போனது. மூன்றாம் நாள் பதிந்த மூக்கை நாற்பதாம் நாளுக்குள் யாரோ கையால் மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் மூக்குக் கவசம். கண்ணாடி மாதிரியான சின்ன ஓடு, படமெடுத்த கையோடு மாட்டிவிடுவார்கள். நாற்பது நாளைக்குள் அதைக் கழற்றினால் மூன்று வருடச் சிறை, எத்தனை வருடம் கழித்தும் வழக்குப் போடலாம். பிடிபட்டவர்கள் அநேகமாக இல்லை, ஏனென்றால் எல்லாரும் பயந்துகொண்டு சட்டத்தை மதித்தார்கள். நான் முதல் ஆளாக மதித்தேன். அதற்குத் தாய்மூக்கு என்று பெயரும் வைத்து, தாய் தொடக் கூடாது என்று சட்டமும் போட்டார்களே என்று அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மயில்சாமி மகளுடைய முகத்தைப் பார்த்தார், சிவப்பு விளக்கைப் பார்த்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நான்தானுங்க," என்றார். "கவசத்தைக் கழட்டுனது நான்தான். கொழந்தை மூச்சு விட முடியாமத் திணறுச்சுங்க. அதுக்கோசரம் நீவி விட்டேன்."

கோப்பைத் திருப்பினேன். மூன்று முறை செவிலியர் வந்து பார்த்திருக்கிறார். மூன்று முறையும் 'மூச்சு இயல்பு'.

"பொய்," என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குள் பழைய ஆள் விழித்துக்கொண்டாள். ஒரு பொய் சொல்கிறவர் இரண்டாவதையும் கையில் வைத்திருப்பார். கூட்டுச் சேர்ந்து ஓர் ஆளை நுழைக்கிறவர்கள், தொடுகைக் குற்றத்தைத் தலையில் போட்டுக்கொள்ள ஒரு கிழவரைப் பேசி வைத்திருக்கலாம். மூன்று வருடச் சிறைக்கு விலையாக எதையாவது வாங்கிக்கொண்டிருப்பார்.

"கடைசியாக் கேக்கறேன். எதுக்குத் தொட்டீங்க?"

"அவங்கம்மா பிரசவத்துல ஜன்னி கண்டு ஒண்ணரை மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தாளுங்க. கொழந்தையும் நானுந்தான் வீட்ல. கத்து கத்துனு கத்துவா. பால் குடிச்சாலும் கத்துவா, தூக்குனாலும் கத்துவா. ஒரு நாளு கவசம் தானா நழுவிருச்சுங்க. மாட்டலாம்னு கையைக் கொண்டு போனப்ப விரலு மூக்குல பட்டுது." அவர் நிறுத்தினார். "பட்டதும் அழுகைய நிறுத்திட்டாளுங்க. என்னைப் பார்த்தா. மேலிருந்து கீழே ஒரு நீவு நீவுனேன், கண்ணை மூடிக்கிட்டா. அப்புறம் எப்படீங்க மாட்டுவேன்? நர்ஸம்மா வர்ற அன்னைக்கு மட்டும் மாட்டி வெப்பேன். நீவுனாத்தான் தூங்குவா. நாப்பது நாளும் நீவுனேன்."

"அப்பா," என்றாள் பனிமலர். அவளுக்கும் இது புதுச் செய்தி.

"மூணு வருஷம்னு தெரியுமுங்க," என்று அவர் என்னிடம் சொன்னார். "இருபத்தெட்டு வருஷமாத் தெரியும். அதுக்குப் பயந்துதான் இவளை ஷேப்பிங் பக்கமே விடாம வெச்சிருந்தேன். எழுதிக்கோங்க. எம்பொண்ணுக்குக் கதவைத் திறந்து விட்டுருங்க, போதும்."

கதை நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அழுகிறவருக்குத் தண்ணீர் கொடுத்த நாள் ஞாபகம் வந்தது.

"செஞ்சு காட்டுங்க," என்றேன்.

"என்னதுங்க?"

"நீவிக் காட்டுங்க. இப்ப அது எளகித்தான் இருக்கு, அன்னைக்கு இருந்த மாதிரியே. அழுத்தக் கூடாது. உங்க விரல் அந்தப் பள்ளத்துல உக்காருதான்னு பார்க்கணும்."

அவர் தயங்கினார். "இருபத்தெட்டு வயசுப் பொண்ணுங்க. நான் அவ தலையத் தடவியே பத்து வருஷமாச்சு."

"தொடுங்கப்பா," என்றாள் பனிமலர்.

இதயத்துடிப்பு மானி 112 காட்டியது. பயந்தவளின் துடிப்பு. மயில்சாமி இடது கையை வேட்டியில் துடைத்தார். கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய் ஊதிச் சூடு பண்ணினார். அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவரும் யோசித்துச் செய்யவில்லை. பிறகு மகளுடைய புருவ நடுவில் விரலை வைத்து, நுனிவரை ஒரு முறை இழுத்தார். பள்ளத்தின் விளிம்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மயிரிழைகூட இடமில்லாமல் விரல் அதன் வழியே போனது. குழந்தை வளர்ந்த அளவுக்குப் பள்ளமும் வளர்ந்திருந்தது. லேத்தில் தேய்ந்து தட்டையான விரலும் அதற்குச் சரியாக இருந்தது.

விரல் பொருந்துவது பெரிய சான்று இல்லை. பொருந்துகிற விரலையும் தேடிப் பிடிக்கலாம். நான் மானியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது நீவலில் 98. நான்காவதில் 84. பனிமலரின் தோள் இறங்கியது. கைவிரல்கள் விரிந்தன. ஆறாவதில் அவள் இமை செருகியது. ஏழாவதிலோ எட்டாவதிலோ துடிப்பு 63க்கு வந்து நின்றது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிவிட்டாள்.

கல்யாணம் நிற்கப்போகிறது, கதவு பூட்டிக் கிடக்கிறது, அப்பா ஜெயிலுக்குப் போகப்போகிறார். அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு மனுசி கண்ணை மூடி நடிக்கலாம். இதயம் நடிக்காது. பதிவேட்டில் இல்லாத, அவளுக்கே தெரியாத ஒரு ஞாபகத்தை எந்தக் கள்ள மருத்துவராலும் செதுக்கி வைக்க முடியாது. மறைக்க ஒன்றுமில்லை, பொறாமையாகத்தான் இருந்தது.

"நிறுத்தட்டுங்களா?" என்று மயில்சாமி கிசுகிசுத்தார். "எந்திரிச்சுட்டா அழுவா."

காரணப் பட்டியலில் நான்கு கட்டங்கள். போலி. விபத்து. சட்டவிரோதத் தொடுகை. கருவிப் பிழை. இருபத்தோரு வருடத்தில் ஒரு நாளும் நான் நான்காவதைத் தொட்டதில்லை, எங்கள் கருவிகள் பிழை செய்வதில்லை. அன்றைக்குத் தொட்டேன். 'அடிப்படை வடிவம் மறுபதிவு செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விளக்கு பச்சையானது. மயில்சாமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அந்தத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

அவர்கள் போன பிறகு அடுத்த ஆளைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சான்றிதழ் மாட்டியிருக்கிறது. அதியனுக்கு இருபது வயதில் முதல் தளர்வு நடந்தபோது வந்த விலகல் 0.0. மாநிலத்திலேயே அப்படிப் பதினேழு பேர்தான். அதை நான்தான் சட்டம் போட்டு மாட்டினேன், வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். நாற்பது நாளும் அவன் வீறிட்டு அழுதான். கை பட்டுவிடுமோ என்று பயந்து, பால் கொடுத்த கையோடு தொட்டிலில் போட்டுவிட்டு அடுத்த அறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். நாற்பதாவது நாளுக்குள் அழுவதை நிறுத்திவிட்டான். நல்ல பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து அவனுக்குத் தூக்க மாத்திரை வேண்டும். இரண்டையும் சேர்த்து நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. எல்லாரையும் சந்தேகப்பட்ட நான் அந்தச் சான்றிதழைச் சந்தேகப்படவில்லை.

0.0 என்றால் யார் கையும் படவில்லை என்று அர்த்தம்.

ஓசூருக்குப் போன் போட்டேன். அதியன் எடுத்தான். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அதியா, பாப்பா கவசத்தைக் கழட்டு."

அவன் ஏன் என்று கேட்பதற்குள் தொடர்ந்தேன்.

"கழட்டிட்டு, கட்டைவிரலைச் சூடு பண்ணிக்கிட்டு, புருவத்துலேர்ந்து மூக்கு நுனி வரைக்கும் மெதுவா நீவு. தூங்கிருவா. நான் சொல்றதக் கேளு சாமி."

நான் அவனைச் சாமி என்று கூப்பிட்டதே கிடையாது. மயில்சாமி வாயிலிருந்துகூட அந்தச் சொல் வரவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"யாருங்க பேசறது?" என்றான் அதியன்.

"அம்மாடா."

"எங்கம்மா இதைச் சொல்ல மாட்டாங்க. நீங்க யாருங்க?"

பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்று மட்டுமே கூப்பிட்டவன். அந்த 'நீங்க' என் நெஞ்சில் ஓங்கிக் குத்தியது.

"நான்தான்டா. தாட்சாயணி. இன்னைக்கு ஒரு கேஸ் வந்துது, அதுல..."

"எங்கம்மாவா இருந்தா, எனக்கும் அவங்களுக்கும் மட்டும் தெரிஞ்சது ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். அவன் பிறந்த எடை தெரியும், அது ஆஸ்பத்திரிக் கோப்பில் இருக்கிறது. போட்ட ஊசிகள் தெரியும், மதிப்பெண்கள் தெரியும், மாத்திரையின் பெயரும் அளவும் தெரியும். எல்லாம் எங்கேயோ பதிவாகி இருக்கிறது, எந்தத் திருடனும் எடுத்துப் படித்துவிடலாம். எழுதி வைக்காத ஒன்றைத் தேடினேன். அவன் காய்ச்சலில் கிடந்தபோது என்ன செய்தேன்? வெப்பமானி வைத்தேன். முதல் நாள் பள்ளிக்கூட வாசலில்? அடையாள அட்டையைச் சரிபார்த்தேன். தேடிக்கொண்டே இருந்தேன். குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

"தெரியும்," என்று அதியன் சொன்னான். குரலில் கோபம்கூட இல்லை. "இந்த மாதிரி ஆளுங்க கூப்பிடுவாங்கன்னு எங்கம்மா எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

வைத்துவிட்டான். நான் சொல்லிக்கொடுத்தபடியே, மறுபேச்சுப் பேசாமல்.

மறுபடி கூப்பிட்டேன், என் எண்ணைத் தடை செய்திருந்தான். கைப்பையை எடுத்துக்கொண்டு, வரிசையில் கைக்குட்டையோடு நின்றவர்களைத் தாண்டி வெளியே நடந்தேன். பேருந்து நிலையத்தில் ஓசூர் பேருந்து புறப்படத் தயாராக நின்றது. ஐந்து மணி நேரப் பயணம். அங்கே போய் வாசலில் நின்று என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டேன், சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று.

படியில் கால் வைத்ததும் பேருந்தின் கதவு என் முகத்தை ஒரு நொடி பார்த்தது. "வருக, தாட்சாயணி அம்மா," என்று சொல்லித் திறந்தது. அதற்கு என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை.